கனைக்கும் வீடு

புத்தகம் கைக்கு வந்ததும் நான் புரட்டுவது
எண்பத்து நான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.
ஓர் எழுத்துப் புரண்டு
குதிரை அங்கே வீடாகியிருக்கும்.
லாயத்தில் நின்று வீடு கனைக்கும்,
முதலில் அச்சான ஆயிரத்து இருநூறு பிரதிகளில் மட்டும்.
பிறகு யாரோ திருத்திவிட்டார்கள்.
திருத்தியதற்கு நாற்பது டாலர்.
கனைக்கும் வீட்டுக்கு நாலாயிரம்.
கையெழுத்தும் இருந்தால் என்ன விலை என்பதை
வாண்டாவிடம் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

முப்பத்தொரு வருடம் தண்டவாளத்தில் விரிசல் தேடினேன்,
அல்டூனா மலை வளைவுகளில்,
இரும்புக்குள் ஒலியை அனுப்பி
திரும்பி வருவதில் மயிரிழையைப் பிடிக்கிற வேலை.
ஓய்வுபெற்றதும் அதே கண்ணைக் காகிதத்தில் வைத்தேன்.
மேலுறையில் வெயில் தின்ற முதுகு,
பரிசாகக் கொடுத்தவர் கத்தரித்த விலை மூலை,
பழுப்புப் புள்ளி, பசை நாற்றம்.
என்னிடம் பதினொன்று. எல்லாம் ஒரே ஆள்.
பெயர் சொன்னால் உங்களுக்கும் தெரியும்,
பள்ளியில் படித்து வெறுத்திருப்பீர்கள்.

ஏழில் அவர் பேனா மூச்சு வாங்குகிறது.
நடுவில் நிற்கிறது, மை குளம் கட்டுகிறது,
கடைசி எழுத்து படியிறங்கப் பயப்படுகிறது.
எழுபது வயதில் போட்ட கடைசி நான்கிலோ
ஒரே இழுப்பு, வெண்ணெயில் கத்தி.
சான்றிதழோடு வந்தவை இந்த நான்கும்தான்.
பழுதே காட்டாத தண்டவாளம் கிடைத்தால்
முதலில் கருவியைச் சந்தேகி என்பார் ஃபோர்மேன் டட்லி க்ரூப்.
கையெழுத்து அழகானால் தலையெழுத்து கோணலாம்.
யாருடைய தலையெழுத்து என்றுதான்
ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினேன்.

ஜான்ஸ்டவுன். முதியோர் இல்லத்தில் மூன்றாம் மாடி.
இர்மா ஸ்லாவிக், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய்,
தனியாகச் சீட்டாடித் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.
நான்கையும் மெத்தையில் பரப்பினேன்.
திறந்துகூடப் பார்க்கவில்லை.
"நான்தான்" என்றாள்.
"அவருக்கு வலக்கை செத்துப்போச்சு.
பெட்டி பெட்டியாக என் சமையல் மேசைக்கு அனுப்புவார்கள்.
நூறு புத்தகத்துக்கு எழுபத்தைந்து சென்ட்.
ஒன்றில் உருளைக்கிழங்குத் தண்ணீர் தெறித்தது,
அதை அடியில் வைத்து அனுப்பிவிட்டேன்."
அது என்னிடம் இருப்பதுதான்.
பனிக்கறை என்று விவரப்பட்டியலில் போட்டிருந்தார்கள்.

"நீ எவ்வளவு கொடுத்தாய்?"
சொன்னேன்.
உண்மையான தொகையை ஒரு மனுஷியிடம் நான் சொன்னது
அதுவே முதல்முறை.
சிரித்தாள். குழாய் நழுவ, நர்ஸ் ஓடிவர,
இன்னும் சிரித்தாள்.

பிறகு பேனா கேட்டாள்.
காகிதம் என்று சட்டைப்பையில் இருந்தது
பார்க்கிங் ரசீது ஒன்றுதான்.
ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டியைப் பார்த்தபடியே
அவர் பெயரைப் போட்டாள்.
ஒரே இழுப்பு.
அறுபது வருடத்தில் அந்தக் கைக்கு வயதாகவே இல்லை.

உங்கள் பெயரையும், என்றேன்.
அதற்கு மட்டும் கண்ணாடி தேடினாள்.
முதல் எழுத்தில் நின்றாள்.
மை குளம் கட்டியது.
"இதை எழுதிப் பழக்கமில்லை" என்று
பாதியில் பேனாவை நீட்டினாள்.
ஸ்லாவிக் ஸ்லாவோடு நின்றது.

டீலருக்கு இன்னும் போன் செய்யவில்லை.
செய்தால் என் நான்கோடு
ஊரில் எத்தனை அலமாரிகள் சரியுமோ.
செய்யாவிட்டால் அவள் கணக்கு
எழுபத்தைந்து சென்ட்டிலேயே கிடக்கும்.
யோசிக்கிறேன், இரண்டு வாரமாக.

ரசீது எண்பத்து நான்காம் பக்கத்தில் இருக்கிறது.
ஜான்ஸ்டவுனில் என்ன செலவாயிற்று என்று கேட்ட வாண்டாவிடம்
பார்க்கிங், நாலு டாலர் என்றேன்.
அநியாயம் என்றாள்.